காலின் ஃபிர்த்தை எதில் பார்க்கத் தொடங்குவது?

ஆங்கில இலக்கியம் படிக்கும் என் அக்கா மகள் போன மாதம் போனில் கேட்டாள்: "மாமா, காலின் ஃபிர்த் நடித்த பழைய காலத்துக் கதைகளில் ஒன்றைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். எதில் ஆரம்பிக்க?" யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். என் மனதில் வந்தவை ஐந்து பெயர்கள். ஐந்தும் நல்லவை. ஆனால் எது முதலில் என்பது முக்கியம், ஏனென்றால் முதலில் பார்ப்பதுதான் அந்த நடிகரை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதை முடிவு செய்துவிடுகிறது. அவளுக்கு எழுதிய பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

ஃபிர்த் 1960-ல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் பிறந்தவர். அவரைப் பிரபுவாகவும் அரசராகவும் பார்த்துப் பழகியவர்கள் அவரும் பெரிய வீட்டுப் பிள்ளை என்று நினைத்துவிடுவார்கள். அப்படி இல்லை. பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள். அப்பா வரலாறு, அம்மா சமய ஒப்பியல். தாத்தா பாட்டிகள் கிறித்துவ ஊழியத்துக்காக இந்தியாவுக்கு வந்தவர்கள் என்பதால் அந்த இருவரின் குழந்தைப் பருவத்தில் ஒரு பகுதி இந்தியாவில் கழிந்தது. ஃபிர்த்தின் சின்ன வயதில் சில காலம் குடும்பம் நைஜீரியாவில் இருந்தது. திரும்பி வந்து சாதாரண அரசுப் பள்ளியில் படித்தார். பிறகு லண்டன் டிராமா சென்டரில் நடிப்புப் பயிற்சி. அங்கே ஹாம்லெட்டாக நடித்ததைப் பார்த்துத்தான் 'அனதர் கன்ட்ரி' நாடகத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். 1984-ல் அதே கதை படமானபோதும் அதில் இருந்தார், வேறு பாத்திரத்தில்.

அதிலிருந்து நாற்பது ஆண்டுகள். இந்தக் காலப் பாத்திரங்களில் நன்றாக அமைந்தவற்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. அந்த மனிதர்களுக்கு வாய் திறப்பதுதான் சிக்கல். ஒருவருக்குப் போர் நாக்கைக் கட்டிப்போட்டது. ஒருவருக்குக் கர்வம். இன்னொருவர் அரசர், ஆனால் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் தொண்டை அடைத்துக்கொள்கிறது. சொல்ல வேண்டியது உள்ளே நின்றுபோனால் முகத்தில் என்ன நடக்கும் என்பதைக் காட்டுவதில் அவருக்கு இணையாக நான் யாரையும் பார்த்ததில்லை. இதற்கு மறுபக்கச் சான்றும் உண்டு. 1989-ல் மிலோஷ் ஃபோர்மன் இயக்கிய 'வால்மான்ட்' படத்தில் பேச்சாலேயே பெண்களை மயக்கும் பிரெஞ்சுப் பிரபுவாக நடித்தார். அந்தப் படத்துக்கு அடிப்படையான நாவலிலிருந்தே எடுத்த இன்னொரு படம் முந்தின ஆண்டே வந்துவிட்டதால் இது ஓடவில்லை என்பார்கள். அது உண்மைதான். ஆனால் சரளமாகப் பேசும் ஃபிர்த் மனதில் நிற்பதில்லை என்பதும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே "எந்தப் படம் சிறந்தது" என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த அடைபட்ட பேச்சை முதன்முதலாக எங்கே சந்தித்தால் மீதி எல்லாம் நன்றாகத் திறக்கும் என்றுதான் பார்த்தேன்.

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது 'தி கிங்ஸ் ஸ்பீச்'. 2010-ல் வந்தது, டாம் ஹூப்பர் இயக்கம், கிட்டத்தட்ட 2 மணி நேரம். 12 ஆஸ்கர் பரிந்துரைகள், 4 விருதுகள். அதில் ஒன்று ஃபிர்த்துக்கு. இதைப் பரிந்துரைப்பவர்கள் பக்கம் வலுவான நியாயம் இருக்கிறது. கதை எளிது. பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னராகப் போகும் இளவரசருக்குத் திக்குவாய். லயனல் லோக் என்ற ஆஸ்திரேலியர் அவருக்குப் பேச்சுப் பயிற்சி தருகிறார். 1939 செப்டம்பர் 3 அன்று ஜெர்மனியோடு போர் தொடங்கிய செய்தியை மன்னர் வானொலியில் நாட்டுக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆங்கிலம் ஓரளவு தெரிந்தால் போதும், சப்டைட்டில் போட்டால் இன்னும் சுலபம், வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: பயிற்சியின் ஒரு கட்டத்தில் மன்னர் வாய்க்கு வந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் வரிசையாகக் கொட்டுவார். கோபத்தில் திக்கல் போய்விடுகிறது என்பதற்காக லோக் கண்டுபிடித்த வழி அது. பிரிட்டனில் முதலில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று சான்றிதழ் கொடுத்து, பிறகு தளர்த்தினார்கள். மாமனார் மாமியாரோடு பார்ப்பதாக இருந்தால் இதைத் தெரிந்துகொண்டு உட்காருவது நல்லது.

திக்குவாயை அவர் செய்திருக்கும் விதம் தனியாகச் சொல்ல வேண்டியது. சினிமாவில் திக்குவாய் என்றால் முதல் எழுத்தை நாலு முறை சொல்லி ஆட்களைச் சிரிக்க வைப்பது என்று நமக்குப் பழகிவிட்டது. ஃபிர்த் அதைச் செய்யவில்லை. அவர் நடித்தது சத்தமே வராத அந்த இடைவெளியை. 1925-ல் வெம்பிளி மைதானத்தில் பேசும் முதல் காட்சியைப் பாருங்கள். ஆயிரக்கணக்கானோர் காத்திருக்கிறார்கள், மைக்ரோஃபோன் முன்னால் இருக்கிறது, தாடை இறுகுகிறது, தொண்டையில் ஒரு சின்ன க்ளிக், பிறகு எதுவும் இல்லை. மழுப்பக்கூட முடியாத மௌனம். கதையை எழுதிய டேவிட் சைட்லர் சிறு வயதில் திக்கியவர். மன்னரின் மனைவியான ராஜமாதாவிடம் அவர் அனுமதி கேட்டபோது, தன் காலத்தில் வேண்டாம் என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டதால் 2002-ல் அவர் மறையும்வரை காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு படத்தில் தெரிகிறது. எந்த இடத்திலும் அவசரம் இல்லை.

வரலாறாக எடுத்துக்கொண்டால் சில இடங்கள் இடிக்கும். லோக்கிடம் இளவரசர் போனது உண்மையில் 1926-ல். அடுத்த ஆண்டே கான்பராவில் நாடாளுமன்றத்தைத் திறந்துவைத்துப் பேசியும் விட்டார். படம் இதை முப்பதுகளுக்குத் தள்ளி, போர் அறிவிப்பு வரை இழுத்து இறுக்கிக் கட்டுகிறது. அவருடைய அண்ணன் எட்டாம் எட்வர்ட் முடி துறந்த விவகாரத்தில் சர்ச்சில் எட்வர்டின் பக்கம் நின்றவர். படத்தில் அது அப்படியே வரவில்லை. இதெல்லாம் நடிப்பைக் குறைக்காது, தெரிந்து பார்ப்பது நல்லது, அவ்வளவே.

ஆனாலும் இதில் தொடங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது வெற்றியின் கதை. அடைபட்ட வாய் கடைசியில் திறக்கும் என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஃபிர்த்தின் மற்ற மனிதர்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. முதலில் இதைப் பார்த்தவர்கள் அவரை "திக்குவாயை அருமையாகச் செய்தவர்" என்று ஒரு வேலைத் திறமையாக மனதில் பதித்துக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன். அதற்குள் இருபத்தைந்து வருடச் சேமிப்பு இருப்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

அந்தச் சேமிப்பின் தொடக்கம் 1987-ல் வந்த 'எ மந்த் இன் தி கன்ட்ரி'. பெயர் கேள்விப்படாதவர்கள்தான் அதிகம். நல்ல பிரதி கிடைப்பதே பல ஆண்டுகள் அரிதாக இருந்தது. ஜே. எல். காரின் சின்ன நாவல், பாட் ஓ'கானர் இயக்கம், ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 1920-ம் ஆண்டு கோடை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய டாம் பர்க்கின் யார்க்‌ஷயர் கிராமம் ஒன்றுக்கு வருகிறான். தேவாலயச் சுவரில் சுண்ணாம்புக்கு அடியில் மறைந்துகிடக்கும் இடைக்கால ஓவியத்தை வெளியே கொண்டுவருவது அவன் வேலை. மணிக்கூண்டிலேயே படுத்துக்கொள்கிறான். முகத்தில் ஒரு துடிப்பு, பேச்சில் திக்கல். ஆமாம், மன்னராக நடிப்பதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே ஃபிர்த் ஒரு திக்குவாய்க்காரனாக நடித்துவிட்டார். வெளியே வயலில் பழைய கல்லறை ஒன்றைத் தேடித் தோண்டிக்கொண்டிருக்கிறான் இன்னொரு போர்வீரன். அது அப்போது முகம் தெரியாத கென்னத் பிரானா. பாதிரியாரின் மனைவி நடாஷா ரிச்சர்ட்சன்.

பெரிதாக எதுவும் நடக்காது. சுண்ணாம்பை அடுக்கு அடுக்காகச் சுரண்டுகிறான், ஓவியத்தில் முகங்கள் தெரியத் தொடங்குகின்றன, வெயிலும் கிராமத்து மனிதர்களும் சேர்ந்து அவன் முகத் துடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிக்கிறார்கள். ஒரு நாள் அந்தப் பெண் மணிக்கூண்டுக்கு ஏறி வருகிறாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். அவன் கையை நீட்டியிருந்தால் போதும், நீட்டவில்லை. அவள் இறங்கிப் போகிறாள். மன்னருக்குக் கிடைத்த வானொலியும் லோக்கும் பர்க்கினுக்குக் கிடைக்கவில்லை.

எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகப் பிடித்தது இதுதான். ஆனாலும் முதலில் பார்க்க இது சரிவராது. நடிகர்மேல் ஏற்கனவே நம்பிக்கை வந்தவர்களுக்குத்தான் இந்த நிதானம் பிடிபடும். புதிதாக வருபவர் அரை மணி நேரத்தில் போனை எடுத்துவிடுவார், அது அவர் குற்றமும் இல்லை.

சரி, 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' பக்கம் வருவோம். ஜேன் ஆஸ்டின் 1813-ல் வெளியிட்ட நாவலை 1995-ல் பிபிசி 6 எபிசோடுகளாக எடுத்தது. ஆண்ட்ரூ டேவிஸ் திரைக்கதை, சைமன் லாங்டன் இயக்கம். மொத்தம் ஐந்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஆண்டு செப்டம்பர் 24 முதல் அக்டோபர் 29 வரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒளிபரப்பாகி, பிரிட்டனில் ஒரு கோடிக்கும் அதிகமானோரை டிவி முன்னால் உட்கார வைத்தது. அந்தக் கதையின் நாயகன் மிஸ்டர் டார்சி என்றாலே இன்றுவரை பலருக்கும் ஃபிர்த்தின் முகம் வருவது அதனால்தான். சில ஆண்டுகள் கழித்து 'பிரிட்ஜெட் ஜோன்ஸஸ் டைரி' படத்தில் மார்க் டார்சி என்ற பெயரிலேயே அவரை நடிக்க வைத்தார்கள். அந்தப் பாத்திரம் எழுதப்பட்டதே இந்தத் தொடரின் டார்சியை மனதில் வைத்துத்தான்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை எனக்குத் தெரியும். நீளம். பழைய ஆங்கிலம், ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வாக்கியம் ஒளிந்திருக்கும், சப்டைட்டில் இல்லாமல் சிரமம். யாருக்கு எத்தனை பவுண்டு வருமானம், சொத்து ஏன் பெண்களுக்கு வராமல் தூரத்து உறவுக்காரருக்குப் போகிறது என்பதெல்லாம் பிடிபட ஒரு எபிசோடு ஆகும். அப்புறம், நாம் யாருக்காகப் பார்க்க வந்தோமோ அவர் முதல் மூன்று எபிசோடுகளில் அதிகம் பேசுவதே இல்லை. நடன விருந்தில் சுவர் ஓரம் நிற்கிறார், ஜன்னல் ஓரம் நிற்கிறார், நாயகி எலிசபெத்தைப் பார்க்கிறார், திரும்பிக்கொள்கிறார். எலிசபெத்தாக வரும் ஜெனிஃபர் ஈலிதான் இந்தத் தொடரின் உயிர். பிரிட்டனின் பாஃப்டா திரை விருதும் அவருக்குத்தான் கிடைத்தது, ஃபிர்த் பரிந்துரையோடு நின்றார்.

ஆனால் இந்த நீளம்தான் ஃபிர்த்துக்கு வேண்டியிருந்தது என்று நான் சொல்வேன். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் அடக்கி வைத்ததெல்லாம் மூன்றாம் எபிசோடின் கடைசியில் திருமணம் கேட்கும் காட்சியில் உடைத்துக்கொண்டு வருகிறது. வந்தாலும் தப்பாக வருகிறது. காதலைச் சொல்ல வந்தவர் அவள் குடும்பத்தின் தாழ்வைப் பட்டியல் போடுகிறார், அவள் மறுத்ததும் முகம் வெளுத்துப்போகிறது. பேசாமல் இருந்தவன் பேசியதும் கெட்டுப்போகிற இந்தக் காட்சியை இரண்டு மணி நேரப் படத்தில் இவ்வளவு கனமாக வைக்க முடியாது. மௌனம் நம் மேலும் ஏற வேண்டும்; அதற்கு நேரம் ஆகும்.

குளத்தில் குதித்துவிட்டு நனைந்த சட்டையோடு வரும் காட்சி உலகப் புகழ் பெற்றது. நாவலில் அது கிடையாது, டேவிஸ் சேர்த்தது. செஷயரில் உள்ள லைம் பார்க்கில் எடுத்தார்கள். எல்லோரும் சட்டையைப் பற்றிப் பேசுவார்கள். நான் பார்க்கச் சொல்வது அதற்கு அடுத்த ஒரு நிமிடத்தை. எதிர்பாராமல் எலிசபெத் எதிரே நிற்கிறாள். இவருக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்கிறார். எத்தனை நாளாக இந்தப் பக்கம் இருக்கிறாய், எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்கிறார். பிறகு மறுபடியும், அப்பா அம்மா சுகமா, தங்கைகள் எல்லோரும் சுகமா என்று அதே கேள்விக்கே திரும்புகிறார். ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுண்டு வருமானமுள்ள மனிதர் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்கிறார். அந்த இடத்தில் கர்வம் கழன்று, அடியில் இருந்த கூச்சம் தெரிகிறது. நான் நான்கு முறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் இளகிவிடுகிறது. பிறகு டார்சியின் தங்கை ஜார்ஜியானா பியானோ அருகே தடுமாறும்போது எலிசபெத் அவளுக்குக் கைகொடுக்க, டார்சி எலிசபெத்தைப் பார்க்கும் அந்தப் பார்வை. ஒரு வசனம் கிடையாது. ஆறு எபிசோடும் அந்தப் பார்வைக்காகத்தான் என்றுகூடச் சொல்லலாம்.

அவ்வளவு நேரம் இல்லை என்பவர்களுக்கு 2005-ல் ஜோ ரைட் இயக்கிய இரண்டு மணி நேரப் படம் இருக்கிறது. அதில் டார்சி மாத்யூ மக்ஃபேடியன். அவரும் நன்றாகவே செய்திருக்கிறார், ஆனால் அவர் டார்சி தொடக்கத்திலிருந்தே கூச்சக்காரர். ஃபிர்த்தின் டார்சியில் கர்வம் நிஜம். அதைக் கழற்ற அவர் படும் பாடும் நிஜம். ஃபிர்த்தைத் தெரிந்துகொள்வதற்காகப் பார்க்கிறவர்களுக்கு அந்தப் படம் மாற்று ஆகாது. (இரண்டு டார்சிகளும் ஒரே படத்தில் வருவதைப் பார்க்க வேண்டுமானால் இரண்டாம் உலகப் போர் உளவுக் கதையான 'ஆபரேஷன் மின்ஸ்மீட்' இருக்கிறது.)

மீதி இரண்டைப் பற்றிச் சுருக்கமாக. 2003-ல் வந்த 'கேர்ல் வித் எ பேர்ல் இயரிங்'கில் அவர் டச்சு ஓவியர் வெர்மீர். 1660-களின் டெல்ஃப்ட் நகரம், ஜன்னல் வழியாக விழும் வெளிச்சம், கல்லில் அரைக்கும் நீல நிறம் என்று கண்ணுக்கு நிறைவான படம். ஆனால் அது ஸ்கார்லெட் ஜோஹான்சனின் படம். ஃபிர்த்தின் மௌனம் அங்கே கொஞ்சம் இருட்டிலேயே தங்கிவிடுகிறது; அந்த மனிதருக்குள் என்ன ஓடுகிறது என்பது எனக்குக் கடைசிவரை எட்டவில்லை. ஓவியம் பிடித்தவர்கள் பார்க்கலாம், தொடக்கத்துக்கு வேண்டாம்.

2013-ல் வந்த 'தி ரயில்வே மேன்' வேறு மாதிரி. எரிக் லோமக்ஸ் என்ற உண்மை மனிதரின் கதை. சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிக்கி, சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு, ரகசியமாக வானொலி செய்ததற்காகச் சித்திரவதைப்பட்டவர். பல பத்தாண்டுகள் அதைப் பற்றி வாய் திறக்காமல் வாழ்ந்தவர். நடுவயது லோமக்ஸாக ஃபிர்த் நடித்திருக்கிறார். தமிழர்களுக்கு இந்தப் படம் வேறொரு விதத்திலும் வலிக்கும். சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் செத்தார்கள். சயாம் மரண ரயில் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். படம் வெள்ளைக்காரப் போர்க்கைதி ஒருவரின் கதையோடு நிற்கிறது, நம்மவர்கள் கதை அதில் இல்லை. அந்த இல்லாமையோடு சேர்த்துத்தான் நான் அதைப் பார்த்தேன். மலேசியாவில் சொந்தம் உள்ள குடும்பங்கள் பார்க்க வேண்டிய படம். ஆனால் சித்திரவதைக் காட்சிகள் கடுமையானவை. லேசான மனநிலைக்கானது இல்லை.

ஒரே ஒரு காட்சி போதும் என்று யாராவது கேட்டால் இந்த ஐந்தையும் விட்டுவிட்டு, 2009-ல் வந்த 'எ சிங்கிள் மேன்' படத்தின் தொலைபேசிக் காட்சியைக் காட்டுவேன். 1962-ல் கலிபோர்னியாவில் வாழும் ஆங்கிலேயப் பேராசிரியர் அவர். பதினாறு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த துணைவர் விபத்தில் இறந்துவிட்டார் என்று போனில் செய்தி வருகிறது. இறுதிச் சடங்கு குடும்பத்துக்கு மட்டும், நீங்கள் வர வேண்டாம் என்று மறுமுனை சொல்கிறது. மரியாதையாக நன்றி சொல்லிப் போனை வைக்கிறார். கேமரா அவர் முகத்தை விட்டு விலகாது.

அக்கா மகளுக்கு நான் எழுதியது இதுதான். உனக்கு ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது, அம்மா அப்பாவும் கூட உட்காருவார்கள் என்றால் 'கிங்ஸ் ஸ்பீச்' போடு, தப்பில்லை. ஆனால் ஒரு வாரம் இருந்தால் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'ஸில் தொடங்கு. ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு, சப்டைட்டிலோடு, அதற்கு மேல் வேண்டாம். இடையில் ஒரு நாள் இடைவெளி விழுந்தால் டார்சி இன்னும் நன்றாக ஊறுவார். பாடத்தில் அந்த நாவல் இருந்தால் படித்த பிறகு பார், குளத்தைப் போல எதெல்லாம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது என்று உனக்கே தெரியும். அது முடிந்து மூன்று நாள் கழித்து 'கிங்ஸ் ஸ்பீச்'. 'எ மந்த் இன் தி கன்ட்ரி'யை விடுமுறையில், வீட்டில் யாரும் இல்லாத மதியம் ஒன்றில் பார்.

இந்த வரிசையைப் பிடிவாதமாகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 'கிங்ஸ் ஸ்பீச்'சில் ஒரு நாள் லோக்கின் மனைவி மர்டில் சொன்ன நேரத்துக்கு முன்பாகவே வீடு திரும்புகிறாள். கணவர் யாருக்குப் பயிற்சி தருகிறார் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. உள்ளே வந்தால் சாப்பாட்டு மேஜையில் இங்கிலாந்தின் ராணி உட்கார்ந்திருக்கிறார். அடுத்த அறைக் கதவு திறந்து மன்னரும் வெளியே வருகிறார். மர்டில் திகைத்து நிற்கிறாள், மன்னர் அவளுக்கு வணக்கம் சொல்கிறார். மர்டிலாக நடித்தவர் ஜெனிஃபர் ஈலி. பதினைந்து ஆண்டுகள் கழித்து டார்சியும் எலிசபெத்தும் ஒரே அறையில் நிற்கிறார்கள்.